பாலைவனம் பார்க்கப் போகிறீர்களா?

"பாலைவனத்துக்கு உல்லாசப் பயணமா? மணலையும் வெயிலையும் பார்க்கக் காசு கொடுப்பாங்களாடி?" நான் துபாய் போய் வந்த கதையைச் சொன்னபோது என் மாமியார் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் சகோதரிகளே, எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீடுகளில் பிள்ளையோ மருமகனோ துபாய், ஷார்ஜா, அபுதாபி என்று வேலை பார்க்கிறார்கள். மகள் பிரசவத்துக்கென்றும், பேரனைப் பார்க்கவென்றும், தங்கை கூப்பிட்டாள் என்றும் நாமும் விமானம் ஏறுகிறோம். போனால் அங்குள்ளவர்கள் நம்மைக் கட்டாயம் அழைத்துப் போகும் இடம் பாலைவனம். அதனால் போகப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, 2024 ஜனவரியில் தங்கை குடும்பத்தோடு போய்வந்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் அது என்ன பயணம் என்று சொல்லிவிடுகிறேன். மதியம் மூன்று மணி வாக்கில் பெரிய ஜீப் வண்டி வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் போனால் லஹ்பாப் என்ற இடம். அங்கே மணல் செங்கல் பொடி போலச் சிவப்பாக இருக்கிறது. மணலில் கலந்திருக்கும் இரும்புத் துருதான் அந்தச் சிவப்புக்குக் காரணமாம். அந்த மணல்மேடுகளில் ஜீப்பை ஏற்றி இறக்கிக் காட்டுவார்கள். பிறகு நாலு சக்கர மோட்டார் சைக்கிள், ஒட்டகச் சவாரி, மணலில் பலகை வைத்துச் சறுக்குவது. சூரியன் மறைந்ததும் கூடாரம் போட்ட முகாமில் சாப்பாடு, ஆட்டம் பாட்டம். இரவு ஒன்பது, பத்து மணிக்கு வீடு திரும்பலாம்.

போகும் மாதம் முக்கியம். அக்டோபர் முடிந்து மார்ச் வரை உத்தமம். கோடையில் அங்கே 40 டிகிரிக்கு மேல் காய்கிறது. கைக்குழந்தையையும் வயதானவர்களையும் அந்த வெயிலில் அழைத்துப் போகவே கூடாது. ஜனவரியில் பகல் இதமாக இருக்கும். ஆனால் இருட்டியதும் குளிர் பிடித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் கிடையாது, மேகமும் கிடையாது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை மணல் சட்டென்று விட்டுவிடுகிறது. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், குழந்தைகளுக்குக் காது மூடும் குல்லாய், ஒரு பழைய போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். "பாலைவனத்துக்குப் போர்வையா?" என்று சிரித்த என் தங்கை வீட்டுக்காரர்தான் எட்டு மணிக்கு அதை முதலில் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டார்!

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மணலுக்குள் நுழையும் முன் வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தி டயரில் காற்றைக் குறைக்கிறார்கள். சாலையில் 35 பவுண்டு அளவில் இருக்கும் காற்றை 15 பவுண்டு வரை இறக்குகிறார்கள். காற்று குறைந்தால் டயர் அகன்று பரவி நிற்கும், மணலில் புதையாது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதும் இதற்குத்தானே! எல்லோரும் அதை வேடிக்கை பார்க்க, எங்களோடு வந்த ஒரு பெண் மட்டும் தள்ளிப் போய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். தங்கை குடியிருக்கும் கட்டடத்தில் மேல்மாடிப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. பெட்ரோல் வாடை குமட்டுகிறது என்றாள். முகத்தைப் பார்த்தாலே நமக்குத் தெரியாதா?

"நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அம்பது நாள் ஆச்சுக்கா. இன்னும் டாக்டர்கிட்ட போகலை. அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்புறம் எப்படிம்மா இந்த வண்டியில ஏறப் போற?"

"எல்லாரும் பணம் கட்டிட்டாங்கக்கா. என்னால எதுக்கு எல்லாருக்கும் தொந்தரவு? கண்ணை மூடிட்டு உட்கார்ந்துக்கறேன்."

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மணல்மேட்டில் ஏறும் ஜீப் சாதாரணமாகப் போவதில்லை. ஒரு பக்கமாகச் சாய்கிறது, உச்சியிலிருந்து மூக்குக் குத்தினாற்போல் இறங்குகிறது, தூக்கிப் போடுகிறது. பெல்ட் வயிற்றை இறுக்கிப் பிடிக்கிறது. கர்ப்பிணிகள் எந்த மாதமானாலும் இதில் ஏறக் கூடாது. அந்தப் பயணங்களை நடத்துகிறவர்களே முதலில் சொல்லும் எச்சரிக்கை இதுதான். நான் அவள் கணவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க ரெண்டு பேரும் மேட்டுல ஏற வேண்டாம். நேரா முகாமுக்குப் போயிடுங்க" என்றேன். அந்தப் பிள்ளைக்கும் மனசுக்குள் பயம் இருந்திருக்கிறது. நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கிறான். எங்கள் ஓட்டுநர் ஒரு மலையாளி. விஷயத்தைக் கேட்டதும் முகம் கோணாமல், "சேச்சி, இது முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று சொல்லி, வயதானவர்களைச் சமமான பாதையில் அழைத்துப் போகும் வண்டியில் இருவருக்கும் இடம் வாங்கிக் கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் இப்படி! "என்னால மத்தவங்க சந்தோஷம் கெட வேண்டாம்" என்று இடுப்பு வலியையும் தலைசுற்றலையும் மென்று விழுங்கிக்கொண்டு வண்டியில் ஏறுகிறோம். பணம் கட்டும்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள், கழுத்து நிற்காத குழந்தை வைத்திருப்பவர்கள், முதுகுத்தண்டு அல்லது கழுத்து எலும்பில் தொந்தரவு உள்ளவர்கள், இதய நோய், அதிக ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் (சிசேரியனும் ஆபரேஷன்தான்!) இவர்களெல்லாம் மேடேறும் சவாரியை விட்டுவிட வேண்டும். முகாமுக்கு நேர்ப்பாதை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பதிவு செய்தால் சண்டையும் இல்லை, சங்கடமும் இல்லை.

மற்றவர்கள் தாராளமாக ஏறலாம். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வெறும் வயிற்றிலும் ஏறாதீர்கள். இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பஸ்ஸில் போனாலே வாந்தி வருகிறவர்கள், டாக்டரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டு, முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள். என் கைப்பையில் எப்போதும் இருக்கும் இஞ்சி மரப்பா அன்று வண்டி முழுவதற்கும் பிரசாதம் மாதிரி விநியோகமாயிற்று.

அடுத்தது அந்த நாலு சக்கர மோட்டார் சைக்கிள். 'க்வாட் பைக்' என்கிறார்கள். பார்க்கப் பொம்மை வண்டி மாதிரி இருக்கிறது. ஆனால் எடை 200 கிலோவுக்கு மேல் போகும். மேட்டின் சரிவில் குறுக்கே திருப்பினால் கவிழ்ந்து, ஓட்டுகிறவர் மேலேயே விழக்கூடிய வண்டி. என் தங்கை மகனுக்குப் பதினொரு வயசு. "பெரியம்மா, நானும் ஓட்டுவேன்!" என்று குதித்தான். அவன் அப்பாவும், "ஆம்பளப் பையன்தானே அக்கா, ஒரு ரவுண்டு ஓட்டட்டுமே. இல்லேன்னா என் பின்னாடி உட்காரட்டும்" என்றார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. விழுந்தா ஆம்பளப் பையன் எலும்புன்னு தனியா ஒண்ணு இருக்கா?" என்று நான் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இந்த வண்டியைத் தொடவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பல வருஷங்களாகவே சொல்லி வருகிறது. ஒருவருக்காகச் செய்த வண்டியில் பின்னால் இன்னொருவரை ஏற்றுவதும் ஆபத்து. பையன் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பலகையில் மணல் சறுக்க விட்டதும் எல்லாம் மறந்து போய், பத்து முறை மேலே ஏறி ஏறிச் சறுக்கினான்.

"அப்போ நீங்க ஓட்டுங்கக்கா" என்றாள் தங்கை விளையாட்டாக. ஏன், ஓட்டக் கூடாதா? ஓட்டினேன்! சைக்கிளைப் பள்ளிக்கூட நாட்களோடு விட்டவள் நான். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்தேன். தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, காலில் ஷூ. வழிகாட்டிப் பையன் முன்னால் போக, சமமான இடத்தில் கால் மணி நேரம். வலது கைக் கட்டைவிரலால் ஒரு நெம்பைத் தள்ளினால் வேகம் எடுக்கிறது, விட்டால் அடங்குகிறது. அவ்வளவுதான். முகத்தில் காற்று அடிக்க, முன்னும் பின்னும் யாரும் இல்லாத அந்த மணலில் போனபோது, "அடுப்பில் பால் வைத்தேனா?" என்ற நினைப்பு வராத கால் மணி நேரம் எனக்குக் கிடைத்தது. ஒன்று மட்டும் கண்டிப்பாக நினைவில் வையுங்கள்: புடவை, துப்பட்டா, தொங்கும் சால்வை எதுவும் இந்த வண்டியில் ஆகாது. சக்கரத்தில் சிக்கினால் கழுத்தையே இறுக்கிவிடும். அன்றைக்குச் சூடிதாரோ பேண்ட்டோ போட்டுக்கொண்டு, கூந்தலை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள்.

ஒட்டகம் ஏறும்போது ஒரு சூட்சுமம் உண்டு. அது பின்னங்காலை முதலில் ஊன்றி எழும். நாம் முன்னால் விழப் பார்ப்போம். உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடிக்கும். அப்போதும் முன்னால்தான் சாய்வோம். இரண்டு சமயமும் பின்னால் சாய்ந்து, பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் குழந்தைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட விட வேண்டும். 2012-ல் கண்டுபிடித்த 'மெர்ஸ்' என்ற மூச்சுக்கோளாறு நோய் ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்கு வரக்கூடியது. காய்ச்சாத ஒட்டகப் பாலை யார் கொடுத்தாலும் குடிக்காதீர்கள்.

வழியில் ஒரு மரம் பார்த்தேன். சுற்றிலும் ஒரு புல் பூண்டு இல்லை, அது மட்டும் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. 'காஃப்' மரம் என்றார் ஓட்டுநர். 2008-ல் அந்த நாட்டின் தேசிய மரமாக அறிவித்தார்களாம். இலையை உற்றுப் பார்த்தேன். அட, நம் வன்னிமரம்! விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நாம் வலம் வரும் அதே வன்னி. வேரை ஆழமாக விட்டு, கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீரைத் தேடி உறிஞ்சிக்கொள்கிறது. கடல் கடந்து போய் ஊர்க்காரியைப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

முகாமில் தரையில் ஜமக்காளமும் திண்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் அரபுக் காப்பியும். சின்னக் கிண்ணம், பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. காலியானால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டிக் கொடுக்க வேண்டுமாம்! சாப்பாட்டில் சுட்ட கோழி, ஆட்டிறைச்சி, குப்பூஸ் ரொட்டி. சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது. கொண்டைக்கடலையை எள் விழுதோடு அரைத்த ஹம்முஸ், நம் மசால்வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரியான ஃபலாஃபெல் இரண்டும் சைவம்தான். 'லுகைமாத்' என்று ஒரு இனிப்பு. மாவைப் புளிக்க வைத்து உருண்டையாகப் பொரித்து, பேரீச்சம்பழப் பாகு ஊற்றித் தருகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றோடு கையை எடுத்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் கண்ணெதிரே சுட்டு எடுத்த சூடான பதார்த்தமாகப் பார்த்துக் கொடுங்கள். வெகுநேரம் திறந்து கிடக்கும் மயோனைஸ் கலந்த சாலட் வேண்டாம். குளிர் தெரிகிறதே என்று தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். காய்ந்த காற்று தெரியாமலே உடம்பு நீரை உறிஞ்சிவிடும். குழந்தைக்கு வாந்தி, பேதி என்றால் கைவசம் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலக்குங்கள்.

அந்த மேல்மாடிப் பெண் கூடாரத்தில் திண்டில் சாய்ந்து, கையில் மருதாணி வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக இருந்தாள். அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஹம்முஸை ஊட்டிக்கொண்டிருந்தான். மறுவாரமே டாக்டரிடம் போய் வந்ததாகப் பிறகு தங்கை எழுதினாள்.

இந்த மாதிரிப் பயணங்களில் இன்னொரு காட்சியும் வழக்கமாக உண்டு. எல்லோரும் மேட்டில் ஏறி நின்று கத்திக் கூச்சல் போடுவார்கள். கீழே செருப்புகளுக்கும் பைகளுக்கும் நடுவே ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள். "நீங்க போங்க, நான் சாமானைப் பார்த்துக்கறேன்." சாமானை வண்டியில் பூட்டிவிட்டுப் போகலாம், சகோதரி. உடம்பு முடியாது என்றால் முடியாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடியும் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் அந்த மேட்டில் ஏறுங்கள். சூரியன் இறங்கும் நேரத்தில் அந்தச் செம்மணல் மேலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்பதை, மற்றவர் எடுத்த படத்தில் பார்த்தால் போதுமா?