உள்ளரங்கில் எடுத்த போட்டோ ஏன் கலங்குது?

பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டியை, மின்னொளியில் ஓரளவு நல்லாவே படம் எடுத்துடலாம். தேனி, கம்பம் பக்கம் உள்ளரங்கில் பள்ளிப் பிள்ளைங்க ஆடும் பேட்மின்டனை எடுத்துப் பாருங்க. கையும் இருக்காது, மட்டையும் இருக்காது, வெறும் கோடு.

போன் மேல தப்பில்லை. வெளிச்சம் குறைஞ்சா ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். நைட் மோடு இன்னும் மோசம், அது அசையாத காட்சிக்கானது. ஸ்மாஷ் கலங்காமல் விழ 1/500 நொடியாவது வேணும். புரோ மோடில் அதை வைத்து, ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றுங்க. புள்ளி புள்ளியா வரும், வரட்டும், முகம் தெரியுமே! கேமரா இருந்தால் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் போடுங்க. எஃப்/5.6-ஐவிட சுமார் 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். படத்தில் பட்டை விழுதா? நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுக்கும், அதான்.

ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம். அண்ணாந்து பந்தைப் பார்க்கிற பிள்ளையின் கண்ணில் அடிப்பது அநியாயம்.

மாவட்ட அளவில் ஜெயிக்கிற பிள்ளைக்கு டிவி நேரலை கிடையாது. ஊர் பார்க்கப்போவது அந்த ஒரு படத்தைத்தான். படத்துக்கே வெளிச்சம் பத்தாத கூடத்தில் பந்து மட்டும் எப்படித் தெரியும்? ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற காசில், முதலில் அவிந்துபோன விளக்குகளை மாத்துங்க.