சட்டக்கல்லூரியில் தமிழ்: தடை நீங்கியது, பாதை திறந்ததா?

சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தயாராவது ஒரு மாணவரின் தனிப்பட்ட எதிர்காலம் சார்ந்த விடயமாகவே நம்மிடையே பார்க்கப்படுகிறது. ஆனால் காணி வழக்குகளும், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஆட்கொணர்வு மனுக்களும், பயங்கரவாதத் தடைச்சட்ட வழக்குகளும் நிறைந்த ஒரு சமூகத்தில் அது அத்தோடு முடிவதில்லை. அடுத்த முப்பது வருடங்களுக்கு இந்த மக்களின் குரலாக நீதிமன்றத்தில் யார் எழுந்து நிற்கப்போகிறார்கள் என்பதே இதிலுள்ள உண்மையான கேள்வி.

இலங்கையில் சட்டத்தரணியாவதற்கு ஒரே வாசல்தான் உண்டு. அது 1874ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும், கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக்கல்லூரி. பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் பெற்றவர்களும் இறுதியில் இங்கு வந்து பரீட்சை எழுதியாக வேண்டும். பட்டமின்றி நேரடியாக நுழைபவர்கள் மொழித்திறன், பொது அறிவும் நுண்ணறிவும் ஆகிய இரு வினாத்தாள்களுக்கு விடையளித்துத் தெரிவாக வேண்டும். பின்னர் மூன்று வருடப் படிப்பு, சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதப் பயிற்சி, அதன்பின் உயர் நீதிமன்றத்தின் முன்னிலையில் சத்தியப்பிரமாணம்.

இந்த வாசலில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் புதிய பூட்டு ஒன்று போடப்பட்டது. சட்டக்கல்லூரியின் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதற்கான விதிகள் வர்த்தமானியில் வெளியாகின. அதற்கு எதிராகத் தமிழ், சிங்கள மாணவர்கள் இரு தரப்பினரும் குரல் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் அந்த விதிகள் நாடாளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு வந்தபோது, பெருவாரியான வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டன. தமிழில் பரீட்சை எழுதும் உரிமை காப்பாற்றப்பட்டது.

ஆனால் அந்த விதிகளை ஆதரித்தவர்கள் சொன்ன காரணத்தை வெறும் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் வழங்கும் தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. நூற்றாண்டு காலத் தீர்ப்புத் தொகுப்புகளும் பிரதான சட்ட நூல்களும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் பரீட்சை எழுதிச் சட்டத்தரணியான ஒருவர் ஆங்கிலத் தீர்ப்பொன்றை வாசித்து விளங்க முடியாமல் போனால், அதன் விலையைக் கொடுப்பவர் அவரது கட்சிக்காரர்தான். நோய் உண்மையானது. கொடுக்கவிருந்த மருந்துதான் பிழையானது. ஆங்கிலத்தைக் கற்பிக்காமல், ஆங்கிலம் தெரியாதவர்களை வெளியே நிறுத்துவது எப்படித் தீர்வாகும்?

வெளியே நிற்கவிருந்தவர்கள் யார்? 2009இல் முதலாம் தரத்திலும் இரண்டாம் தரத்திலும் இருந்த வன்னிப் பிள்ளைகள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். எழுத்துப் படிக்கவேண்டிய வயதில் இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் வகுப்புக்குப் போனவர்கள் அவர்கள். ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பாடசாலைகளில் படித்துவிட்டு, கொழும்பின் முன்னணிப் பாடசாலை மாணவரோடு ஆங்கிலத்தில் போட்டியிடு என்று அவர்களுக்குச் சொல்வது சமத்துவம் ஆகாது.

சட்டத்தில் மொழி என்ன செய்யும் என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு ஒன்றே போதும். 1993இல் மட்டக்களப்பில் கைது செய்யப்பட்ட அவருக்குச் சிங்களம் தெரியாது. அவருடையது எனப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டு, அதில் அவரது பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரே. அந்த வாக்குமூலத்தை வைத்து 1995இல் 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 வருடமாகக் குறைந்தது. சுயாதீனமான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பெறப்பட்ட வாக்குமூலத்தை நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் கூறியது. ஆனால் 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் வழங்க மறுத்தது.

காணி விடயத்திலும் இதே நிலைதான். யுத்தத்தால் தமது காணிக்கு உரிமை கோரி நீதிமன்றம் செல்ல முடியாமல் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்குத் தொடர அது கொடுத்த கால அவகாசம் இரண்டு வருடம். அப்படியொரு சட்டம் வந்திருப்பதை ஊரில் எடுத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் அந்த அவகாசம் ஓசையின்றிக் கழிந்துவிடும். தேசவழமைக்கு உட்பட்ட பெண் ஒருவர் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் அவர் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அவர் தன் கதையைச் சொல்வது தமிழில். அவருக்கு உதவக்கூடிய முன்தீர்ப்பு இருப்பதோ ஆங்கிலத்தில். இரண்டுக்கும் நடுவே நிற்கும் சட்டத்தரணிக்கு இரு மொழியும் வேண்டும்.

வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்கிறது. நூலும் தீர்ப்பும் தமிழில் இல்லாதவரை அது பாதி உரிமைதான். எனவே 2023இன் வெற்றியோடு நாம் ஓய்ந்துவிட முடியாது. நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்வதோடு நிற்காமல், உயர்தரம் படிக்கும் காலத்திலேயே ஆங்கிலத்தில் சட்டம் வாசிக்கப் பழக வேண்டும். வாரம் ஒரு தீர்ப்பை எடுத்து, அதன் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்ப்பது செலவில்லாத பயிற்சி. வடக்கு, கிழக்கின் சட்டத்தரணிகள் சங்கங்கள் முக்கியமான தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கங்களை வெளியிடலாம். பல்கலைக்கழகச் சட்டத்துறைகள் தமிழ்ப் பாடநூல்களுக்கு முன்வரலாம். கல்விக்கு உதவும் புலம்பெயர் அமைப்புகள், கொழும்பில் தங்கிப் படிக்க வசதியற்ற ஒரு மாணவருக்கு மூன்று வருடச் செலவைப் பொறுப்பேற்கலாம்.

சட்டக்கல்லூரி கேட்கும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்வதும், தமிழில் எழுதும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முல்லைத்தீவு நீதிமன்றத்தில் தன் வழக்கு அழைக்கப்படும் நாளுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய்க்கு, அந்த இரண்டையும் கைவசம் வைத்திருக்கும் சட்டத்தரணியே தேவை.