மலையின் சரித்திரத்தை மலைப் பிள்ளை படிக்க வேண்டாமா?

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று சில பெரிய மனிதர்கள் சாதிக்கிறார்கள். அப்பட்டமான பொய் என்கிறோம் நாம்!

நாடு விடுதலை பெற்றது 1947-ல். இந்த மலைக்கு ஜாகிர்தார்களிடமிருந்து விடுதலை கிடைத்தது எப்போது? 1976-ல்! அதுவரை சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக மலை பங்கு போடப்பட்டிருந்தது. உழைத்தது மலையாளிப் பழங்குடி மக்கள். வரியும் வெட்டி உழைப்பும் வாங்கித் தின்றது ஜாகிர்தார் கூட்டம். தலைமுறை தலைமுறையாக எழுத்தை எட்டாமல் வைத்துவிட்டு, இன்று பிள்ளையின் மூளையைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

வெள்ளிமலைப் பிள்ளை டில்லி சுல்தான்களைப் படிக்கட்டும், பிரெஞ்சுப் புரட்சியையும் படிக்கட்டும். கூடவே, தன் பாட்டன் யாருக்கு வெட்டி உழைத்தான், உழுத நிலம் யார் கையில் இருந்தது, 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் குடும்பத்துக்கு என்ன தருகிறது என்பதையும் சமூக அறிவியல் வகுப்பில் படிக்க வேண்டும்.

அதைப் பிள்ளை தானே வாசிக்க வேண்டும். வினா விடையை உருப்போட்டு ஒப்பிப்பது வாசிப்பு ஆகாது. கடினமான சொல்லை முதலில் விளக்கி, ஒரு பத்தியை வாசித்துக் காட்டி, பிறகு பிள்ளையை வாசிக்கவிட்டு, ‘இதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?’ என்று கேட்பதே பாடம்.

இதற்கு ஆளும் புத்தகமும் வேண்டாமா? 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். பள்ளிதோறும் நூலகம், அதில் செய்தித்தாளும் சஞ்சிகையும் கதைப் புத்தகமும் இருக்க வேண்டும். இது சர்க்கார் போடும் பிச்சையல்ல, பிள்ளையின் உரிமை!

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைத் தோழர்களே! கரும்பு வெட்டும் தோழர்களே! கூலிக் கணக்கை வாசிக்கத் தெரியாதவனை ஏய்ப்பது எவ்வளவு சுலபம் என்பது நமக்குத் தெரியாதா? பாதி நாள் பள்ளி, பாதி நாள் தகப்பன் தொழில் என்று 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை மக்களின் எதிர்ப்பு 1954-ல் குழியில் தள்ளவில்லையா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கு என்பதும் அதே சட்டம்தான். கூட்டத்துக்குப் போவோம். ஆசிரியர் எங்கே, நூலகம் எங்கே என்று கேட்போம். பதில் வரும்வரை விடமாட்டோம்!