முதலில் மார்ஷல், பிறகு என்ட்ரி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நம் சைக்கிள் கிளப்களின் பந்தயக் காலம் தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஞாயிறு விடியற்காலைகளுக்குத் தேதி குறிப்போம். வாட்ஸ்அப் குழுவில் டைம் ட்ரையல் அறிவிப்பு வந்த அன்றே இடங்கள் நிரம்பும். அதே செயலாளர் அடுத்த வாரம், "யூ-டர்னில் நிற்க மூன்று பேர் வேண்டும்" என்று போட்டால், இரண்டு கைகூப்பும் பொம்மைகளும் "அன்னைக்கு ஊர்ல இல்ல ப்ரோ" என்ற பதிலும்தான் வரும். பந்தியில் உட்கார ஆள் இருக்கிறது, பரிமாறத்தான் ஆளில்லை. கடைசியில் செயலாளரின் தம்பியும் பக்கத்துத் தெரு சைக்கிள் கடைப் பையனும் கையில் கொடியோடு நெடுஞ்சாலையில் நிற்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு ஆள் பற்றாக்குறை என்று பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் நாம் வேலை செய்யும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் என்ட்ரியைத் திறக்கிறோம், பணம் வாங்குகிறோம், நம்பர் அச்சடிக்கிறோம். அதன் பிறகு மார்ஷல் தேடுகிறோம். அப்போது ஆள் குறைந்தால் பந்தயத்தைச் சுருக்கவும் முடியாது, தள்ளிவைக்கவும் மனம் வராது. இருக்கிற ஆளை வைத்துச் சமாளிப்போம் என்ற முடிவு அந்த நெருக்கடியில்தான் பிறக்கிறது. மார்ஷல் பட்டியல் நிரம்பிய பிறகே என்ட்ரியைத் திறக்க வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

டைம் ட்ரையல் என்ற வடிவமே கையில் இருக்கும் ஆளுக்கும் சாலைக்கும் ஏற்பப் பந்தயத்தை அளவாக வெட்டியதால் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் சாலைப் பந்தயங்களுக்குக் காவல் துறையின் எதிர்ப்பு வலுத்தது. 1894-இல் ஒரு 50 மைல் பந்தயத்தில், எஃப். டி. பிட்லேக் இருந்த சிறு குழு குதிரை வண்டி ஒன்றைக் கடக்கும்போது குதிரை மிரண்டு, ரைடர்கள் விழுந்தார்கள், புகார் போனது. சாலையில் பந்தயமே வேண்டாம் என்று அங்கிருந்த தேசிய சைக்கிள் சங்கம் ஒதுங்கிக்கொண்டது. பிட்லேக்கும் அவருடைய நார்த் ரோடு கிளப்பும் வேறு வழி கண்டார்கள். 1895-இல் ரைடர்களை ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்பிப் பந்தயம் நடத்தினார்கள். கூட்டம் இல்லை, நெரிசல் இல்லை; பார்ப்பவருக்கு அது பந்தயம் என்றே தெரியாது. பின்னாளில் கறுப்பு உடை, விடியற்காலைத் தொடக்கம், ஊர்ப்பெயருக்குப் பதிலாகப் பாதைக்குக் குறியீட்டு எண் என்று அதை இன்னும் அடக்கமாக ஆக்கினார்கள். பாதைக்குக் குறியீட்டு எண் சூட்டும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது.

அந்த வடிவத்தில் ஒளிந்திருக்கும் கெட்டிக்காரத்தனத்தை நம் ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டும். முதுகில் குத்தும் நம்பரே தொடக்க நேரம். ஆறு மணிப் பந்தயம் என்றால் 1-ஆம் நம்பர் 6.01-க்குக் கிளம்புவார், 23-ஆம் நம்பர் 6.23-க்கு. முடிவுக் கோட்டில் நிற்பவர் ரைடர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட வேண்டியதே இல்லை. நம்பரையும் அப்போதைய கடிகார நேரத்தையும் மட்டும் எழுதினால் போதும். 23 என்ற நம்பருக்கு எதிரே 6.51.14 என்று இருந்தால், 28 நிமிடம் 14 விநாடி என்பதைப் பிறகு மேசையில் உட்கார்ந்து கழித்துக்கொள்ளலாம். ஒரு ரைடர் தாமதமாக வந்து கிளம்பினாலும் அவருக்குரிய நிமிடத்திலிருந்தே கணக்கு ஓடும். மற்றவர் நேரம் எதுவும் குழம்பாது. வேகமானவர்களுக்கு 10, 20, 30 என்றும், அடுத்த நிலையினருக்கு 5, 15, 25 என்றும் நம்பர் கொடுத்துவிட்டால், அவர்கள் ஒருவரையொருவர் பிடித்து ஒட்டிக்கொண்டு போகும் வாய்ப்பும் குறைகிறது. ஒரே நேரம் காட்டும் இரண்டு கடிகாரங்கள், ஒரு பென்சில், கோடு போட்ட தாள்: பந்தயத்தின் முதுகெலும்பு இவ்வளவுதான். சிப் டைமிங் வாடகைக்கு எடுக்கும் கிளப்களும் இந்தத் தாளைக் கைவிட வேண்டாம். சிப் யார் எப்போது கோட்டைக் கடந்தார் என்று சொல்லும். யாராவது வந்து சேராவிட்டால் தேட ஆள் அனுப்பாது.

பந்தய முடிவில் தன்னார்வலரின் பங்கு எவ்வளவு என்று சந்தேகிப்பவர்கள் பெரில் பர்ட்டனின் 12 மணி நேரச் சாதனையைப் பார்க்கலாம். யார்க்ஷயரில் ருபார்ப் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே பந்தயம் ஓட்டிய அமெச்சூர் அவர். 1967-இல் ஓட்லி கிளப் நடத்திய 12 மணி நேர டைம் ட்ரையலில் 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர் ஓட்டினார். அன்று ஆண்கள் பிரிவில் புதிய சாதனை படைத்த மைக் மெக்நமாராவையே சாலையில் எட்டிப் பிடித்துக் கடந்தார். கடக்கும்போது அவருக்கு ஒரு மிட்டாய் நீட்டியதாகச் சொல்லப்படும் கதை ரைடர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கால் மைல் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. 12 மணி நேரம் முடியும் கணத்தில் ரைடர் எங்கோ சாலை நடுவே இருப்பார். அங்கே கோடு கிடையாது. அதனால் இத்தகைய பந்தயங்களின் கடைசிக் கட்டத்தை ஒரு சுற்றுப்பாதையில் வைத்து, அதன் ஓரத்தில் அளந்த இடங்களில் டைம்கீப்பர்களை நிறுத்துவார்கள். நேரம் முடிவதற்கு முன் எந்த டைம்கீப்பரை எப்போது கடந்தார், முடிந்த பின் அடுத்தவரை எப்போது கடந்தார் என்ற இரண்டு குறிப்புகளை வைத்து இடைப்பட்ட தூரம் கணக்கிடப்படும். வரிசையில் ஒருவர் தேநீர் குடிக்கப் போயிருந்தாலும் கணக்கில் ஓட்டை விழுந்திருக்கும். கால்கள் பர்ட்டனுடையவை, தூரத்தை ஏட்டில் ஏற்றியது சம்பளம் வாங்காத கைகள்.

நம் சாலைகளில் இந்தப் பொறுப்பு இன்னும் கனமானது. யூ-டர்ன் மார்ஷலையே எடுத்துக்கொள்வோம். ஏரோ பாரில் படுத்தபடி மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் ரைடர் விநாடிக்கு 11 மீட்டர் கடக்கிறார். நூறு மீட்டர் தள்ளி அவர் தெரியும் கணத்திலிருந்து மார்ஷலுக்குக் கிடைப்பது ஒன்பது விநாடி. போனை எடுத்து ஒரு செய்தியைப் படிக்கும் நேரம் அது. அந்த ஒன்பது விநாடிக்குள் எதிர்ச் சாரியில் மினி பஸ் வருகிறதா, தவறான பக்கத்தில் பால்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறாரா, மீடியன் இடைவெளியில் படுத்திருக்கும் நாய் எழுந்துவிட்டதா என்று பார்த்து, கொடி காட்ட வேண்டும். தலை கவிழ்ந்து வரும் ரைடருக்குச் சில மீட்டர் சாலைதான் தெரியும். மார்ஷலின் கண்தான் அவருடைய கண்.

ஆகவே யூ-டர்னுக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் வரும் ரைடரைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் அவருக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சாரி வாகனங்களைப் பார்த்து நிற்பார். மூன்றாமவர் சாலையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, திரும்பும் நம்பர்களை எழுதுவார். இந்த மூன்றாவது வேலையை வெட்டி வேலை என்று நினைத்துப் பல கிளப்கள் விட்டுவிடுகின்றன. யாரும் பாதியில் திரும்பவில்லை என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. அதைவிட முக்கியமாக, 31-ஆம் நம்பர் கிளம்பினார், இன்னும் யூ-டர்னுக்கு வரவில்லை என்பதை முதலில் சொல்லப்போவதும் அதுதான். பின்னால் வரும் பைக்கை அனுப்புவதா, 108-ஐ அழைப்பதா என்ற முடிவு அங்கிருந்து பிறக்கிறது.

மார்ஷல் செய்யக் கூடாததையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொடியும் விசிலும் ஒளிரும் ஜாக்கெட்டும் இருப்பதால் வாகனத்தை நிறுத்தும் அதிகாரம் வந்துவிடாது. பிரிட்டனில்கூட, பயிற்சி முடித்துக் காவல் துறையின் அங்கீகாரம் பெற்ற மார்ஷல்களே வாகனங்களை நிறுத்தலாம். மற்றவர்கள் எச்சரிக்கலாம், அவ்வளவுதான். இங்கே லாரியின் முன்னால் கையை விரித்து நிற்கும் வீரம் வேண்டாம். வாகனம் வழி விடாவிட்டால் ரைடரைத்தான் நிறுத்த வேண்டும். அவர் இழக்கும் விநாடிகளைப் பற்றி வீடு போய் வருத்தப்படலாம். வாகனத்தை நிறுத்தியே ஆக வேண்டிய சந்திப்பு பாதையில் இருந்தால் அங்கே காவலர் இருக்க வேண்டும். காவலர் கிடைக்கவில்லை என்றால் பாதையை மாற்ற வேண்டும்.

காவல் துறையிடம் போவது பற்றி நம்மிடம் ஒரு தயக்கம் உண்டு. கேட்டால் மறுப்பார்கள், கேட்காமல் அதிகாலையில் முடித்துவிடலாம் என்பது அந்தக் கணக்கு. பிரிட்டிஷ் ரைடர் பெர்சி ஸ்டாலார்டின் கதை அதற்குப் பதில் சொல்கிறது. கூட்டமாகக் கிளம்பும் சாலைப் பந்தயத்தைத் தேசிய சங்கம் தடை செய்திருந்த காலத்தில், 1942 ஜூன் மாதம், லாங்கோலென் ஊரிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை அப்படி ஒரு பந்தயத்தை அவர் நடத்தினார். வழியில் உள்ள காவல் அதிகாரிகளை முன்கூட்டியே பார்த்துப் பேசினார்; வருவாய் போர்க்கால நலநிதிக்குப் போகும் என்று அறிவித்து உள்ளூர்ப் பத்திரிகையையும் சேர்த்துக்கொண்டார். நாற்பது பேர் ஓட்டினார்கள், போலீஸே சாலையில் உதவியது. கோபம் வந்தது சங்கத்துக்குத்தான். அவரையும் மற்றவர்களையும் விலக்கிவைத்தது. சங்கத்தின் பகையோடும் ஒரு பந்தயம் நடந்துவிடும். உள்ளூர்க் காவல் நிலையம் அறியாத பந்தயம் ஒரே ஒரு விபத்தில் முடிந்துபோகும். பாதை இரண்டு காவல் நிலைய எல்லைகளைத் தொட்டால் இரண்டுக்கும் கடிதம் போக வேண்டும். கடிதத்தோடு மார்ஷல் பட்டியலும் இடம் குறித்த வரைபடமும் இருந்தால் ஆய்வாளரின் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இனி கணக்கு. போய்த் திரும்பும் 20 கிலோமீட்டர் பாதை, ஒரு யூ-டர்ன், இரண்டு கிளைச்சாலைச் சந்திப்புகள் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நேரம் பார்க்க ஒருவர், சீட்டைப் பிடித்து நிறுத்த ஒருவர். முடிவில் கடிகாரத்துக்கு இருவர், எழுத ஒருவர். யூ-டர்னில் மூவர், சந்திப்புகளில் இருவர் வீதம் நால்வர். நம்பர் கொடுக்கும் மேசையில் இருவர், பின்னால் வரும் பைக்கில் ஒருவர், முதலுதவிக்கு ஒருவர். மொத்தம் 16. ஆண்டுக்கு நான்கு பந்தயம் நடத்தும் கிளப்பில் 64 பேர் ஓட்டுகிறார்கள் என்றால், ஒருவருக்கு ஒரு ஞாயிறு போதும்; மீதி மூன்று ஞாயிறும் அவர் பந்தயம் ஓட்டலாம். பிரிட்டனின் சில வட்டார லீக்குகளில், மார்ஷல் பணி செய்யாதவருக்கு ஓட்ட இடம் கிடையாது என்பது எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது. நாமும் எழுதிவைத்துவிடலாம்.

கட்டாயப்படுத்தினால் கடமைக்கு வந்து நிற்பார்கள், அப்படிப்பட்ட மார்ஷல் இல்லாததைவிட ஆபத்து என்று மூத்த ஏற்பாட்டாளர்கள் சிலர் சொல்கிறார்கள். நியாயமான அச்சம். அதனால் எல்லாரையும் சந்திப்பில் நிறுத்த வேண்டியதில்லை. விருப்பமும் நிதானமும் உள்ளவர்களைச் சாலை ஓரத்துக்கும், மற்றவர்களை நம்பர் மேசை, தண்ணீர், எழுத்து வேலைகளுக்கும் பிரிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சந்திப்பில் நிறுத்தவே கூடாது. பந்தயத்துக்கு முந்தைய நாள் பாதையிலேயே அரை மணி நேரம் கூடி, யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது, யாரை அழைப்பது என்று காட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நிற்பவர்களை நடத்தும் விதமும் மாற வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு இருட்டில் இறக்கிவிட்டு, கடைசி ரைடர் போன பிறகும் அழைத்துவர மறந்துபோன கிளப்பில் அந்த மார்ஷல் இரண்டாம் முறை நிற்க மாட்டார். தேநீரும் இட்லியும் அவர் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். கிளப் எடுக்கும் விபத்துக் காப்பீட்டில் ரைடர்களோடு மார்ஷல்களும் இருக்க வேண்டும். முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயர் மேலே அச்சாக வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே செயலாளரின் தலையில் வைத்திருக்கும் பழக்கம். அவருக்கு வேலை மாற்றல் வந்தால் பந்தயமும் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. கடிதங்களின் நகல், பாதை வரைபடம், பணிப் பட்டியல், செலவுக் கணக்கு, அந்தந்தப் பந்தயத்தில் எது பிசகியது என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு கோப்பாக வைத்து, ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணையாளரைப் பழக்க வேண்டும்.

இந்தப் பருவத்தின் முதல் பந்தயத்துக்குத் தேதி குறிக்கப்போகும் கிளப்களை இந்த இதழ் கேட்டுக்கொள்வது இதுதான்: பணிப் பட்டியலை முதலில் வெளியிடுங்கள். பதினாறு இடமும் நிரம்பிய அன்று என்ட்ரியைத் திறங்கள். பன்னிரண்டுதான் நிரம்பியது என்றால் இரண்டு சந்திப்புகளையும் தவிர்த்து, பன்னிரண்டு பேர் காக்கக்கூடிய குறுகிய பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் இல்லை என்றால் அந்த ஞாயிறு பந்தயம் வேண்டாம்; அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.