மூட்டையின் மேல் இருக்கும் மூன்று எண்கள்

உர மூட்டையைப் பெயர் பார்த்து வாங்கும் காலம் போய்விட்டது. 2022 அக்டோபரிலிருந்து மானிய உரங்கள் எந்தக் கம்பெனியில் தயாரானாலும் ‘பாரத்’ என்ற ஒரே பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. கம்பெனிப் பெயர் மூட்டையின் ஓரத்தில் சிறிதாக ஒதுங்கிவிட்டது. விவசாயிக்கு மிஞ்சியிருப்பது அந்த மூன்று எண்கள் மட்டுமே. நம் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி எல்லை தாண்டி நகரியில் மூட்டை வாங்கினால் எழுத்து தெலுங்காக இருக்கலாம், எண் மாறாது.

முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. மூன்றும் நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. மூட்டையோ நூறு கிலோ அல்ல. டி.ஏ.பி. 18-46-0 என்றால் 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. யூரியா 46 சதம். ஆனால் 2018 முதல் மூட்டை 45 கிலோவாகக் குறைந்துவிட்டதால் அதில் இருப்பது 20.7 கிலோ தழைச்சத்துதான். இன்னமும் பழைய ஞாபகத்தில் மூட்டைக்கு 23 கிலோ என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. பத்து மூட்டைக்கு 23 கிலோ தழைச்சத்து அந்தக் கணக்கில் காணாமல் போகும்.

‘எல்லாச் சத்தும் இதிலேயே இருக்கிறது’ என்று 17-17-17 மூட்டையைத் தள்ளிவிடுவது கடைக்காரருக்குச் சுலபம். பயிருக்கு அது பொருந்துமா என்பதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும். இறவை வேர்க்கடலைக்கு மண் பரிசோதனைச் சீட்டில் ஏக்கருக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 20, சாம்பல்சத்து 30 கிலோ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 17-17-17ஐக் கொண்டு மணிச்சத்து 20 கிலோவைச் சரிக்கட்ட ஏறத்தாழ 118 கிலோ உரம் வேண்டும். அப்போது தழைச்சத்தும் 20 கிலோ போய்ச் சேரும். தேவையைப் போல இரண்டு மடங்கு. சாம்பல்சத்தோ 10 கிலோ குறையும். கொடி பச்சைப் பசேலென்று படரும், பிடுங்கிப் பார்த்தால் காய் இருக்காது. பணம் கொடுத்து இலையை வளர்த்த கதைதான்.

அதே தேவையைத் தனி உரங்களால் கணக்கிடுவது கடினமல்ல. வேண்டிய கிலோவை நூறால் பெருக்கி, மூட்டை எண்ணால் வகுத்தால் போதும். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதம். 20 கிலோவுக்கு 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. பொட்டாஷ் 60 சதம். 30 கிலோவுக்குச் சரியாக ஒரு மூட்டை. யூரியா 22 கிலோ, ஏறக்குறைய அரை மூட்டை. சூப்பருக்குப் பதில் டி.ஏ.பி. என்றால் முதலில் மணிச்சத்தைத்தான் கணக்கிட வேண்டும்: 43.5 கிலோ. அதிலேயே தழைச்சத்து 7.8 கிலோ வந்துவிடுவதால் யூரியா 5 கிலோ போதும். இந்தக் கழித்தலைச் செய்யாமல் டி.ஏ.பி.யும் இட்டு யூரியாவும் முழுசாக இடுவதுதான் ஊரெங்கும் நடக்கிறது.

விலையையும் இதே வழியில் உரசிப் பார்க்கலாம். 2024ல் யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. தழைச்சத்து கிலோ 13 ரூபாய்க்குள் அடங்கும். டி.ஏ.பி. 1350 ரூபாய். அதிலுள்ள 9 கிலோ தழைச்சத்துக்கு 117 ரூபாய் கழித்தால் மணிச்சத்து கிலோ ஏறத்தாழ 54 ரூபாய். அந்தக் கணக்கில் 8 கிலோ மணிச்சத்துள்ள சூப்பர் மூட்டை 432 ரூபாய் பெறும். அதற்கு மேல் கொடுப்பது அதிலிருக்கும் 11 சதக் கந்தகத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் கொடுக்கும் விலை. கடலைக்கு இரண்டும் அவசியம் என்பதால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். டி.ஏ.பி.யில் அவை கிடையா.

இன்னொரு குழப்பமும் உண்டு. டி.ஏ.பி.யில் 46 என்று இருப்பது அசல் பாஸ்பரஸ் அல்ல, அதன் ஆக்சைடுக் கணக்கு. பழைய ரசாயன நிபுணர்கள் எல்லாவற்றையும் ஆக்சைடாகக் கணக்கிட்டு எழுதிய வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. தனிமமாகப் பார்த்தால் அது 20 சதம்தான். ஆஸ்திரேலியாவில் அதே உரத்துக்கு 20 என்றுதான் குறிக்கிறார்கள். பொட்டாஷில் 60 என்பதும் தனிமமாக 50க்குச் சற்றுக் குறைவு. நம் சிபாரிசும் மூட்டையும் ஒரே ஆக்சைடுக் கணக்கில் இருப்பதால் வயலில் தவறு வராது. ஆனால் மண் பரிசோதனைச் சீட்டில் தனிமக் கணக்கு எழுதியிருந்தால் பாஸ்பரஸை 2.29ஆலும் பொட்டாசியத்தை 1.2ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கணக்கு என்று சீட்டு கொடுப்பவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

என் அபிப்பிராயத்தில் சதவீதத்தோடு ‘இந்த மூட்டையில் இத்தனை கிலோ சத்து’ என்றும் தமிழில் அச்சிடச் சர்க்கார் உத்தரவிட வேண்டும். அச்சுக்கூலி அதிகமாகாது. அதுவரையில் ஒவ்வொரு கூட்டுறவுச் சங்க வாசலிலும் ஒரு கரும்பலகையில் இதை எழுதி வைக்கலாம். அதற்கு உத்தரவுகூடத் தேவையில்லை.

தனி உரங்களை வாங்கிக் கலப்பவர்கள் யூரியாவையும் சூப்பரையும் முன்கூட்டியே கலந்து வைக்கக்கூடாது, ஈரம் கோத்துக் களியாகிவிடும். இடுகிற அன்று காலையில் கலந்தால் போதும்.