உரிமம் உண்டு, உரிமை இல்லை

டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கதவில் ஒரு நாள் காலை வங்கி அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து இளம் தம்பதி. மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பது தெரிந்ததால் அந்தப் பெண் என்னிடம் வந்தார். "அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். வீட்டுக்காரர் கடனைக் கட்டவில்லை. 60 நாள் அவகாசம் முடிந்துவிட்டதால் வங்கி வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சொத்தின் பேரில் யாரும் கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டாம். குடியிருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நாங்க ஒரு மாசம்கூட வாடகை பாக்கி வைக்கலையே!" என்றார். உண்மைதான். ஒப்பந்தம் பதிவாகியிருந்தது. காவல் நிலையத்தில் தகவல் கொடுத்திருந்தார்கள். சொசைட்டியின் சம்மதமும் இருந்தது. டெபாசிட் ஒன்றரை லட்சம்.

மகாராஷ்டிரத்தில் வீடுகள் பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில்தான் விடப்படுகின்றன. 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். 11 மாதம்தானே என்று தப்ப முடியாது. பதிவு செய்யாத வீட்டுக்காரருக்கு 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இத்தனை கண்டிப்பைப் பார்க்கும் குடித்தனக்காரர், பதிவான பத்திரம் தனக்குக் கவசம் என்று நம்பிவிடுகிறார்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒரு சொல் என்னை உறுத்துகிறது. லைசென்ஸை 'உரிமம்' என்கிறோம். காதில் விழும்போது உரிமைக்கு நெருங்கிய உறவாகத் தெரிகிறது. சட்டத்திலோ அது வெறும் அனுமதி. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, அனுமதி பெற்றவருக்குச் சொத்தில் எந்தப் பாத்தியதையும் கிடையாது. சொத்து கைமாறினால் புதிய உரிமையாளரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது.

வங்கிகளின் கையில் இருப்பது 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம். நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க அது வழி செய்கிறது. 60 நாள் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதமின்றி வீட்டுக்காரர் அதை வாடகைக்கு விடக் கூடாது.

பழைய வாடகைதாரர்களின் நிலை வேறு. வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ளவர்களை சர்ஃபேசியைக் காட்டி வெளியேற்ற முடியாது என்று மும்பை வழக்கு ஒன்றில் 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், வாடகைதாரர்களின் கோரிக்கையைக் கடன் மீட்புத் தீர்ப்பாயம் விசாரிக்க இடமளித்தது. ஆனால் அங்கே முக்கியமான கேள்விகளில் ஒன்று தேதி. குடிவந்தது நோட்டீசுக்கு முன்பா, பின்பா?

நானும் தேதியைப் பார்த்தேன். வங்கியின் நோட்டீஸ் பிப்ரவரி மாதத்தது. இவர்களுடைய ஒப்பந்தம் ஜூன் மாதத்தது. மூழ்கும் வீடு என்று தெரிந்தே சாவியைக் கொடுத்து டெபாசிட்டை வாங்கியிருக்கிறார் வீட்டுக்காரர். இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சொன்னேன்.

வங்கி அதிகாரிக்கு அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கொடுத்தார்கள். வீட்டுக்காரரின் தொலைபேசி இன்றுவரை அணைந்தே கிடக்கிறது.

அவர்களுடைய பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தேன். குடிவருபவர்களின் கைரேகை, புகைப்படம், சாட்சிகள் எல்லாம் இருந்தன. வீடு அடமானத்தில் இருக்கிறதா என்பது பற்றி ஒரு வரி இல்லை. பதிவின்போதே வீட்டுக்காரரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு எழுதி வாங்கினால் என்ன?

அரசு கேட்கும்வரை நாமே கேட்க வேண்டியதுதான். வங்கிகள் அடமானங்களைப் பதிவு செய்யும் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவகம் 2011 முதல் இயங்குகிறது. சிறு கட்டணம் செலுத்தி இணையத்தில் யாரும் தேடலாம். அடமானம் இருந்தால், வங்கியின் சம்மதக் கடிதத்தைப் பார்த்த பிறகு டெபாசிட் கொடுங்கள்.

சாமான்களை ஏற்றிய அன்று அந்தப் பெண் பத்திரத்தை நீட்டி, "இதைக் கிழிச்சுப் போட்டுரலாமாண்ணே?" என்றார். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன். வீட்டைக் காப்பாற்றாத அந்தக் காகிதம், டெபாசிட்டைக் கேட்டு வழக்குப் போடவாவது வேண்டும்.