எதிர்ப்பாற்றல் மிகுந்தால் நல்லதா?

"நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கிக்கொள்ளுங்கள்" என்னும் விளம்பரத்தை நீங்கள் பார்க்காத நாளே இருக்காது. சத்து மாவு, கஷாயப் பொடி, மாத்திரை, ஏன், சில பிஸ்கட்டுகளும்கூட இந்த வாக்குறுதியோடு கடைக்கு வருகின்றன. 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவிய பிறகு இம்முழக்கம் பன்மடங்காகிவிட்டது. ஆனால் அதைப் பெருக்கிக்கொள்வது நல்லதுதானா என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம். விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாட்டியின் விரல் மூட்டுகளும் தாத்தாவின் கால் கட்டைவிரலும் போதும்.

எங்கள் மணவூருக்கு அருகிலுள்ள திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகை நாளில் அப்படிகளில் ஆங்காங்கே உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொள்ளும் முதியவர்களைக் காணலாம். என்னவென்று கேட்டால் பலரும் 'வாதம்' என்ற ஒரே சொல்லைச் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. குருத்தெலும்பு தேய்வதால் வருவது ஒன்று. மிகுதியாகக் காணப்படுவது இதுவே. உடலின் காவற்படையே மூட்டின்மீது பாய்வதால் வருபவை வேறு வகை. இந்த இரண்டாம் வகைதான் நமக்கு இப்போது வேண்டியது.

நம் உடலில் காவல் இரண்டு அடுக்காக அமைந்திருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு கிருமியையும் இனங்கண்டு, அதற்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி, நினைவிலும் வைத்துக்கொள்வது. தடுப்பூசி வேலை செய்வது இதனால்தான். மற்றொன்று, பிறக்கும்போதே நம்மிடம் இருப்பது. யார் எவர் என்று விசாரிக்காமல், அந்நியமாகவோ ஆபத்தாகவோ தோன்றும் எதையும் நிமிடங்களில் தாக்கத் தொடங்குவது. இதைப் பிறவித் தடுப்பாற்றல் என்பர். 1882-இல் இத்தாலியின் மெசீனா நகரில் நட்சத்திர மீனின் இளம் உயிரியில் ஒரு முள்ளைக் குத்திவைத்தார் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப். மறுநாள் பார்த்தபோது, நகரும் செல்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அவற்றை 'விழுங்கு செல்கள்' என்றார். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முள்ளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கவுட் என்னும் மூட்டு நோயில் உண்மையாகவே முள்தான் குற்றவாளி.

செல்களின் உட்கருப் பொருள்கள் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் அதை மேலும் சிதைக்கும் நொதி உண்டு. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் பரிணாம வழியில் அதை இழந்துவிட்டோம். எனவே நம் இரத்தத்தில் அதன் அளவு சற்று மிகுதி. 37 டிகிரி வெப்பத்தில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரை அது கரைந்திருக்கும். அளவு மீறினால் படிகமாகப் பிரியலாம். வெப்பநிலை குறையக் குறையக் கரைதிறனும் குறையும் என்பது நீங்கள் வேதியியலில் படித்ததுதான். உடலில் குளிர்ந்த பகுதி எது? இதயத்திலிருந்து தொலைவில் உள்ள கால் விரல். கவுட் பெரும்பாலும் கட்டைவிரலில் தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இதற்கு அடுத்த பகுதிதான் மிகவும் பிடித்தது. 1961-இல் மக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற அமெரிக்க மருத்துவர்கள், கவுட் நோயாளியின் மூட்டு நீரை முனைவாக்கப்பட்ட ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். இருண்ட பின்புலத்தில் ஊசி ஊசியாய்ப் படிகங்கள் ஒளிர்ந்தன. தக்க தட்டு ஒன்றை ஒளியின் பாதையில் செருகினால், ஊசி கிடக்கும் திசைக்கேற்ப மஞ்சளாகவும் நீலமாகவும் நிறம் காட்டும். மேல்நிலை வகுப்பில் ஒளியின் முனைவாக்கத்தைப் படித்துவிட்டு "இதனால் என்ன பயன்?" என்று கேட்போருக்கு இதைச் சொல்வது என் வழக்கம். மக்கார்ட்டி அதோடு நிற்கவில்லை. படிகம்தான் நோய்க்குக் காரணம் என்பதை நிறுவ, அவரும் ஃபயர்ஸ் என்னும் அவருடைய சக ஆராய்ச்சியாளரும் தங்கள் சொந்த முழங்கால்களிலேயே அதை ஊசி மூலம் செலுத்திக்கொண்டார்கள்! சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கித் தாங்கொணா வலி கண்டது. 1962-இல் அந்த முடிவு வெளியாயிற்று. (நீங்கள் எவரும் இதைப் பின்பற்ற வேண்டாம்.)

கவனியுங்கள்: அங்கே கிருமி இல்லை, நஞ்சு இல்லை. நம் உடலிலேயே உண்டான உப்பின் ஊசிகள்தாம். கரைந்திருந்தவரை அதைப் பொருட்படுத்தாத விழுங்கு செல், ஊசியானதும் விழுங்குகிறது. செரிக்க முடியாமல் திணறுகிறது. 2006-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் மார்ட்டினோன், சோப் முதலானோர் அடுத்து நடப்பதைக் கண்டறிந்தார்கள். செல்லுக்குள் பல புரதங்கள் ஒன்றுகூடி ஓர் அபாயச் சங்கு போல இயங்குகின்றன. அதன் விளைவாக 'இன்டர்லூக்கின்-1' என்னும் தூதுப் பொருள் வெளியேறுகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் திரள் திரளாக மூட்டுக்குள் புகுகின்றன. வீக்கம், சிவப்பு, சூடு, வலி எல்லாம் இந்தப் படையெடுப்பின் விளைவே. ஊசியால் வந்த கேட்டைவிட அதை எதிர்க்கப் போன படையால் வந்த கேடு பெரிது.

இதற்கு மருந்து நம் மண்ணிலும் விளைகிறது. திருமுருகாற்றுப்படையில் முருகன் சூடும் காந்தள், நம் மாநில மலரான செங்காந்தளே. உழவர்கள் கண்வலிக் கிழங்கு என்பார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், ஜெயங்கொண்டம், வேதாரண்யம் வட்டாரங்களில் விதைக்காக இதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். அவ்விதையிலிருந்து கோல்ச்சிசின் என்னும் மருந்துப்பொருள் எடுக்கப்படுகிறது. கவுட் வலியைத் தணிப்பது அது. எதிர்ப்பாற்றலைப் பெருக்கி அன்று! வெள்ளணுவின் உட்சட்டமான நுண்குழல்களைக் கட்டவிடாமல் செய்து, அதன் ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது. மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. செங்காந்தள் கிழங்கைத் தின்று மாண்டோர் நம் நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. வேலியோரத்தில் பூத்திருந்தால் பார்த்து மகிழுங்கள்; தோண்ட வேண்டாம்.

கவுட் வலி மருந்தின்றியும் ஓரிரு வாரங்களில் அடங்குவதுண்டு. படிகம் அங்கேயே இருக்க, போர் மட்டும் எப்படி நிற்கிறது? 2014-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். திரண்டு வந்த வெள்ளணுக்கள் மடியும்போது தம் டி.என்.ஏ. இழைகளை வலைபோல் வெளியே வீசுகின்றன. அவ்வலைகள் கட்டியாகத் திரண்டு, அபாயத் தூதுப் பொருள்களைப் பிடித்துச் சிதைத்துவிடுகின்றன. படைக்குள்ளேயே தடைக்கருவியும் இருக்கிறது என்று பொருள்.

முடக்குவாதத்தில் அத்தடை சரிவர வேலை செய்வதில்லை. இது நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இங்கே காவலின் இரண்டு அடுக்குகளும் கைகோத்துக்கொள்கின்றன. தன் உடலையே பகையாகக் கருதும் எதிர்ப்பொருள்கள் ஒருபுறம். மறுபுறம், மூட்டுச் சவ்வில் குடியேறிய விழுங்கு செல்கள் டி.என்.எஃப். என்னும் தூதுப் பொருளை ஓயாமல் சுரக்கின்றன. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் அதைத் தடுக்கும் மருந்தை 1992-இல் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் அதற்கொரு விலையும் உண்டு. காசநோய்க் கிருமியைச் சுற்றி விழுங்கு செல்கள் எழுப்பும் மதிலைக் காப்பதும் அதே டி.என்.எஃப்.தான். அதை அடக்கினால் உறங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும். இது 2001-இல் தெளிவாயிற்று. ஆகவே இம்மருந்தைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்கான பரிசோதனையைச் செய்கிறார்கள். நம் நாட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது.

கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. இப்படிப்பட்ட ஒன்றைப் 'பெருக்குங்கள்' என்பதற்கு என்ன பொருள்? சத்தான உணவும் தடுப்பூசியும் உறக்கமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை காவலைச் செம்மையாக வைத்திருப்பவை. பொட்டலத்தில் அடைத்துப் 'பெருக்கி' என்று விற்பதைத்தான் மறுக்கிறேன்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. சந்தையிலும் ரயில் பெட்டியிலும் மூட்டுவலிக்கென்று பெயரில்லாப் பொடிகள் விற்பார்கள். இரண்டே நாளில் வலி போய்விடும். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. ஸ்டீராய்டு என்ன செய்யும்? எதிர்ப்பாற்றலை அடக்கும்! அளவு தெரியாமல் மாதக்கணக்கில் உண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கிருமி தொற்றும். திடீரென நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. அதற்குள் முடக்குவாதத்துக்கு முறையான சிகிச்சை தொடங்க வேண்டிய முதல் மாதங்கள் கழிந்துபோகும். கோணிய விரல் பிறகு நிமிர்வதில்லை.

நம் பாடங்களும் இங்கே கொஞ்சம் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கருத்து. வெள்ளணுக்களைப் போர் வீரர்களாக வருணித்துவிட்டு நின்றுவிட்டால், வீரர் எண்ணிக்கை கூடுவது நல்லது என்றுதான் எந்த மாணவனும் எண்ணுவான். மின்சலவைப் பெட்டியில் சூடு ஏறியதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வெப்பக் கட்டுப்படுத்தியைப் போல, தடுப்பாற்றலின் தடைகளையும் கூடவே கற்பித்தால் என்ன?

அதுவரை நீங்கள் செய்யக்கூடிய சிறு ஆய்வு ஒன்று உண்டு. வீட்டில் மூட்டுவலி உள்ளவரிடம், காலையில் எழுந்ததும் மூட்டுகள் எவ்வளவு நேரம் விறைத்திருக்கின்றன என்று கேளுங்கள். அரைமணிக்குள் தளர்ந்தால் பெரும்பாலும் தேய்மானமாக இருக்கலாம். ஒரு மணி நேரம் நீடித்து, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கியிருந்தால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்நோய்களுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. மணவூரில் மின்ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால் எதிர்ச்சாலையில்தான் அரசு பொது மருத்துவமனை.